கோட்டுக்கு மேலே ஒரு விரல்

"கசிவுக்குக் களைப்பு வராது, ட்வைலா," என்றான் ராய்ஸ்.

அவன் இடுப்புக்கு மேலே படகின் எஞ்சின் அறைக்குள் இருந்தான். வெளியே தெரிந்தவை இரண்டு கால்கள் மட்டுமே.

"எனக்கு வரும் பாஸ்," என்றாள் ட்வைலா. "காலையில இருந்து உங்க ஷூவோட அடிப்பக்கத்தையே பார்த்துக்கிட்டு நிக்கறேன். இடது கால்ல ஒரு சூயிங் கம் ஒட்டியிருக்கு. துப்பு ஏதாவதா?"

அவளுக்கு ஐம்பத்தைந்து வயது. நல்ல ஆகிருதி. துப்பறியும் தொழில் செய்த ராய்ஸிடம் உதவியாளராகச் சேர்வதற்கு முன்னால் இதே டன்னர் ஏரிக்கரையில் மதுக்கடை நடத்தியவள். ஒரு கையில் பாப்கார்ன் பொட்டலம். படகுத்துறையின் பலகைகளுக்குக் கீழே குண்டு குண்டான கெண்டை மீன்கள் வாயைப் பிளந்து காத்திருந்தன. ஏரிக்கு வருகிறவர்கள் போடும் பாப்கார்னைத் தின்றே வளர்ந்த மீன்கள்.

ராய்ஸ் வெளியே வந்தான். முப்பத்து மூன்று வயது. முகத்தில் கிரீஸ். அதைத் தவிர முகத்தில் வேறு எதுவும் இல்லை. ஜனவரியிலிருந்தே அப்படித்தான்.

"எண்ணெய் இறங்கலை," என்றான்.

எஞ்சின் அறையின் சுவரில் உள்ளங்கை அளவுக்கு ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் குப்பி. இந்த மாதிரிப் படகில் எஞ்சின் உள்ளே இருக்கும். கியர்ப்பெட்டியும் விசிறியும் பின்பக்கம் வெளியே வால் மாதிரித் தண்ணீருக்குள் தொங்கும். அந்த வாலுக்கு டிரைவ் என்று பெயர். டிரைவுக்குள் இருக்கும் கியர் எண்ணெய் எவ்வளவு என்று உள்ளே இருந்தபடியே பார்ப்பதற்குத்தான் குப்பி. குப்பியில் ஒரு கோடு. எண்ணெய் கோட்டில் நிற்க வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

அந்தக் கோட்டில்தான் வெர்லின் என்கிற மெக்கானிக்கின் வாழ்க்கை தொங்கிக்கொண்டிருந்தது.

ஈஸ்டர் அன்று விடிகாலை. ஏரி முழுக்க மூடுபனி. ஆர்வல் ஸ்டைட்ஸ் என்ற கிழவர் தன் தட்டையான அலுமினியப் படகில், மூழ்கிக் கிடந்த ஒரு தேவதாரு மரத்துக்குப் பக்கத்தில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார். ஏதோ ஒரு படகு அவர் படகின் பின்பகுதியில் ஏறி இறங்கிப் போயிருக்கிறது. நிற்கவில்லை. கிழவர் மோதலில் சாகவில்லை என்றார் பிரேதப் பரிசோதனை செய்தவர். தண்ணீரில் கொஞ்ச நேரம் உயிரோடு இருந்திருக்கிறார். பிறகுதான் மூழ்கியிருக்கிறார்.

அதே விடிகாலையில், அதே மூடுபனியில், வெர்லின் இந்தப் படகைச் சோதனை ஓட்டம் எடுத்துப் போயிருந்தான். அடிப்பகுதியில் நீலப் பெயிண்ட் அடித்த படகு. செயின்ட் லூயிஸ் நகரத்துப் பல் டாக்டர் ஒருவருடையது. டாக்டர் குடும்பம் மத்தியானம் வருவதாக இருந்ததால் அவசரம். ஏரிப் போலீஸ் வந்து கேட்கும் முன்பே வெர்லின் தானாகப் போய்ச் சொன்னான்: "ஏதோ தட்டுப்பட்டுச்சு. கட்டைன்னு நெனச்சேன். திரும்பிப் போய்ப் பார்க்கலை."

போலீஸ் குப்பியைப் பார்த்தது. கோட்டுக்குக் கீழே இருந்தது எண்ணெய். ஊற்றி நிரப்பி, ஓட்டிப் பார்த்தார்கள். மறுபடி இறங்கியது. டிரைவ் எதிலோ மோதி, எண்ணெயை உள்ளே அடைத்து வைக்கும் ஆயில் சீல் வளையம் நசுங்கி, எண்ணெய் கசிகிறது என்று முடிவு கட்டினார்கள். விசிறியில் அடையாளம் தேடவும் வழியில்லை. முந்தின நாள்தான் அவன் அதில் புது விசிறி மாட்டியிருந்தான். மோதின பிறகு மாட்டியிருக்கலாம் என்றார்கள். திங்கட்கிழமை கோர்ட்டில் குற்றத்தை ஒத்துக்கொள்ளப் போகிறான் வெர்லின். அதற்குப் பிறகு சிறை.

இன்று சனிக்கிழமை.

"முதல் தடவை ஓட்டினப்ப ரெண்டு விரல் இறங்குச்சு," என்றான் ராய்ஸ். "அடுத்த தடவை ஒரு விரல். அப்புறம் அரை. இன்னிக்கு ஒண்ணுமே இல்லை. ஆயில் சீல் போயிருந்தா ஓட ஓட ஒழுகிக்கிட்டே இருக்கணும். இது அடங்கிருச்சு."

"ஓட்டை தானா அடைஞ்சுக்கிச்சா?"

"ஓட்டையே இல்லை. காத்து. டிரைவுக்குக் கீழே இருந்து மெதுவா எண்ணெயை ஏத்தணும். அப்பதான் உள்ளே இருக்கற காத்து மேல வழியா வெளியே போகும். குளிர் காலையில எண்ணெய் கெட்டியா இருந்திருக்கும். வெர்லின் அவசரமா ஏத்தியிருக்கான். காத்துக் குமிழி உள்ளேயே மாட்டிக்கிச்சு. ஓட ஓட ஒவ்வொண்ணா மேல வந்திருக்கு. அந்த இடத்துக்கு எண்ணெய் இறங்கியிருக்கு."

ட்வைலா பொட்டலத்தை மடித்து வைத்தாள். "பீரை வேகமா ஊத்தினா கிளாஸ் நிறைஞ்ச மாதிரி இருக்கும். நுரை அடங்கினதும் முக்கால்தான். இதை வெச்சுத்தான் பாஸ் இருபது வருஷம் பொழைச்சேன்."

"அதேதான்."

"அப்ப இந்தப் படகு எதையும் இடிக்கலை. ஒருத்தனோட அரைகுறை வேலை அவனையே காப்பாத்தறதை இப்பதான் பார்க்கறேன். என் ரெண்டாவது புருஷன் இதைக் கேட்டிருந்தா மாலை போட்டுக் கொண்டாடியிருப்பான். சிரிங்க பாஸ். பல்லு கொட்டிடாது. கொட்டினாலும் படகு பல் டாக்டரோடதுதான்."

ராய்ஸ் சிரிக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு வண்டியை நோக்கி நடந்தான்.

பட்டறை மேட்டின் மேல் இருந்தது. பிக்கப் வண்டியில் ட்வைலா முழங்கால்கள் நெஞ்சில் இடிக்க உட்கார்ந்தாள். முன் சீட் அப்படி முன்னால் இழுக்கப்பட்டிருந்தது. ராய்ஸின் மனைவி கோரா குள்ளம், அவள் வசதிக்கு இழுத்து வைத்தது. ஜனவரிக்குப் பிறகும் அது அங்கேயே இருந்தது. உலகத்தில் இருக்கும் எல்லாவற்றைப் பற்றியும் ஜோக் அடிக்கும் ட்வைலா, அந்த சீட்டைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. பின்னால் தள்ளிக்கொண்டதும் இல்லை.

வெர்லின் ஒரு எஞ்சின் மேல் குனிந்திருந்தான். இருபத்தாறு வயது. ராய்ஸ் சொன்னதைக் கேட்டு நிமிர்ந்தான். சந்தோஷப்படவில்லை.

"சீல் நல்லா இருந்தா என்ன சார்? எனக்குத் தட்டுப்பட்டுச்சே."

"அலுமினியப் படகுல இடிச்சா எப்படி இருக்கும்னு தெரியுமா உனக்கு?"

"தெரியாது. திரும்பிப் போயிருந்தா தெரிஞ்சிருக்கும்." ஸ்பேனரை மெதுவாகக் கீழே வைத்தான். "நீங்க ஏன் சார் என்னை வெளியே கொண்டுவரப் பார்க்கறீங்க? நான் கேட்கலையே."

"உங்க முதலாளி கேலன் ஸ்ட்ரவுட் கேட்டார்."

"அவர் நல்லவர். ஜாமீன் போட்டார். வக்கீல் வெச்சார். சும்மா இருந்தா பைத்தியம் பிடிக்கும்னு வேலைக்கும் வரச் சொன்னார். எனக்குத்தான் வேண்டாம்னு இருக்கு."

"தம்பி," என்றாள் ட்வைலா, "தினம் சாயந்திரம் உன் வண்டி ஆர்வல் வீட்டுக்கு எதிர்ல நிக்குதாமே?"

அவன் தலை குனிந்தான். "லியோட்டா அம்மா தட்டுல சாப்பாடு கொண்டுவந்து கொடுத்தாங்க. அவர் பொண்டாட்டி. என்கிட்ட. சாப்பிடுப்பான்னு சொன்னாங்க." கைக் கிரீஸைத் துணியில் துடைத்தான். "கட்டைன்னு நெனச்சேன்னு சொல்றேன் இல்ல? அது பொய் சார். கட்டையா இருக்கணும்னு நெனச்சேன். ரெண்டும் வேற வேற."

ராய்ஸ் பட்டறைக்கு வெளியே வந்தான்.

முன் சக்கரத்தில் ஒரு சத்தம் வருது, வளைவில் திரும்பும்போது மட்டும், என்று கோரா சொன்னாள். ஒரு தடவை இல்லை. அவன் அவள் காரைத் தபாலாபீஸ் வரைக்கும் ஓட்டிப் பார்த்தான். நேர் ரோடு. சத்தம் வரவில்லை. ஒண்ணும் இல்லை என்று சொன்னான். ஜனவரியில் உறைபனி விழுந்த ஒரு காலையில், மில் ரோட்டின் வளைவில் கார் திரும்பவில்லை. பனியா, சக்கரமா? நசுங்கிய காரை இழுத்துப்போன கேரேஜ்காரருக்குத் தெரிந்திருக்கும். ஊரில் எல்லோரையும் கேள்வி கேட்கிற ராய்ஸ் அந்த ஒருத்தரை மட்டும் இதுவரை கேட்கவில்லை.

படகுத்துறையின் சாப்பாட்டு மேஜையில் ஏரிப் போலீஸ் அதிகாரி பார்னெட் காத்திருந்தார். ராய்ஸ் சொல்லச் சொல்ல அவர் தொப்பியை இரண்டு தடவை கழற்றி மாட்டினார்.

"சரி. இந்தப் படகு இல்லைன்னே வெச்சுக்குவோம். அப்ப எது? இந்தப் பக்கம் இருக்கற அத்தனை படகையும் பார்த்துட்டோம் ராய்ஸ். விசிறியால பிரயோஜனம் இல்லை. சீசன் ஆரம்பம், பாதிப் படகுல புது விசிறி. அதனால குப்பியைப் பார்த்தோம்."

"குப்பியில என்ன பார்த்தீங்க?"

"எண்ணெய் குறைஞ்சிருக்கான்னு."

"அது மட்டும்தானா?"

"வேற எதைப் பார்ப்பாங்க? பெட்டியில ஓட்டைன்னா உள்ளே இருக்கறது வெளியே போகும். குறைஞ்சிருந்தது இது ஒண்ணுதான்."

அப்போது கேலன் ஸ்ட்ரவுட் வந்தார். அறுபது வயது. சர்ச்சில் மூப்பர். மாமனார் விட்டுப்போன படகுத்துறையை நடத்துகிறவர். ஸ்பேனர் பிடிக்கத் தெரியாது, கணக்கும் மனிதர்களும் தெரியும். கையில் தட்டு. சோளமாவில் புரட்டிப் பொரித்த கெளுத்தி மீன், சோளமாவு உருண்டைகள்.

"சாப்பிடு தம்பி. உடம்புல ஒண்ணுமே இல்லை உனக்கு."

"எனக்கு அந்தப் பிரச்சினை இல்லை கேலன் அண்ணே," என்று ட்வைலா தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "ஆனாலும் சாப்பிடறேன். உங்க மனசு நோகக்கூடாது."

"வெர்லின் விஷயம் எப்படி இருக்கு?"

"குப்பியில எண்ணெய் குறைஞ்சது அவன் வேலையால," என்றான் ராய்ஸ். "மோதினதால இல்லை. அவசரத்துல சரியா ஏத்தலை."

கேலனுக்குக் கோபம் வந்தது. உண்மையான கோபம். "அவனா? அவன் வேலையைக் குறை சொல்லாதே தம்பி. இந்த ஏரியிலேயே அவனை மாதிரி கை கிடையாது. என் படகை வந்து பாரு. பழைய வண்டி. அவன்தான் எண்ணெய் மாத்தினான். ஒரு சொட்டு குறையலை. கோட்டுக்கு மேலேயே ஒரு விரல் நிக்குது!"

மீனுக்கு நீண்ட ராய்ஸின் முள்கரண்டி பாதியில் நின்றது.

"மேலேயா?"

"ஒரு விரல் மேலே. பார்னெட்டைக் கேளு, அவரும் பார்த்தார்."

"பார்த்தேன்," என்றார் பார்னெட். "நிறைஞ்சு இருந்தது. நம்பர் ஒண்ணு."

"வெர்லின் எப்ப மாத்தினான்?"

"மார்ச்சுல. கோட்டுல கரெக்டா நிறுத்தி, என்னைக் கூப்பிட்டுக் காட்டினான்."

"அதுக்கப்புறம் நீங்க ஊத்தினீங்களா?"

"எனக்கு அதை எங்கே திறக்கறதுன்னே தெரியாது தம்பி."

"ஓட்டினீங்களா?"

கேலன் மேஜை மேலிருந்த ஒரு துணுக்கைத் தட்டிவிட்டார். "நேரம் எங்கே இருக்கு?"

ராய்ஸ் ட்வைலாவைத் திரும்பிப் பார்த்தான். "உங்க கடையில முக்கால் கிளாஸ் பீர். யாரும் ஊத்தலை. ஆனா கிளாஸ் நிறைஞ்சிருச்சு. எப்படி?"

"உள்ளே எதையாவது போட்டிருப்பாங்க. கல்லு. ஐஸு. இல்லேன்னா..." மென்றுகொண்டிருந்த வாய் நின்றது. மீனைத் தட்டில் திரும்ப வைத்தாள். ராய்ஸிடம் சேர்ந்த நாளிலிருந்து அவள் சாப்பாட்டைத் திரும்ப வைத்து அவன் பார்த்ததில்லை. "தண்ணி."

"வெர்லினைக் கூட்டிட்டு வாங்க," என்றான்.

கேலனின் படகு துறையின் கடைசிக் கொட்டகையில் படகைத் தூக்கி வைக்கும் இரும்புத் தூக்கியின் மேல், தண்ணீருக்கு வெளியே நின்றது. வெள்ளை அடிப்பகுதி. ஈஸ்டரிலிருந்து இறக்கவில்லை என்பது தூக்கியின் இரும்பில் சிலந்தி கட்டியிருந்த வலையில் தெரிந்தது. ராய்ஸ் எஞ்சின் மூடியைத் திறந்து பார்த்தான். குப்பியில் எண்ணெய், தெளிவான கரும்பச்சையில், கோட்டுக்கு மேலே ஒரு விரல்.

"சூடானா எண்ணெய் ஏறும்," என்றான். "இது சில்லுனு இருக்கு. வெர்லின், டிரைவோட அடியில இருக்கற திருகாணியைக் கொஞ்சம் இளக்கு. கழட்டாதே."

வெர்லின் மண்டியிட்டு ஸ்க்ரூ டிரைவரை வைத்துத் திருகினான். முதலில் ஒன்றும் வரவில்லை. பிறகு ஒரு சொட்டு. பலகையில் விழுந்த சொட்டு ஒட்டவில்லை, ஓடியது. தண்ணீர். தொடர்ந்து தண்ணீர். அப்புறம் பால் கலந்த காப்பி நிறத்தில் ஒன்று. கடைசியாகத்தான் எண்ணெய்.

"எண்ணெயை விடத் தண்ணி கனம்," என்றான் ராய்ஸ். "அடியில போய் உட்கார்ந்துக்கும். நல்ல எண்ணெயை மேலே தள்ளும். அதனால குப்பியில எண்ணெய் சுத்தமா இருக்கும், நிறையவும் இருக்கும். குறைஞ்ச படகைத் தேடினீங்க பார்னெட். அடிபட்ட படகு நிறைஞ்சு நின்னுச்சு."

வெர்லினின் முகம் வெளுத்திருந்தது. ஆனால் வேறு காரணத்துக்காக. "முதலாளி, மன்னிச்சுடுங்க. சீலை நான் சரியா உட்கார வைக்கலை போல. கியர் எல்லாம் துரு பிடிச்சிருக்கும். என் தப்பு..."

கேலன் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"விசிறியைக் கழட்டு வெர்லின்," என்றான் ராய்ஸ்.

விசிறி புதுசு. நட்டைச் சுழற்றி எடுத்தான். விசிறி வந்தது. அதற்குப் பின்னால் ஒரு தடித்த வளையம். விசிறி மாற்றுகிறவன் அதை எடுக்க வேண்டிய அவசியம் இல்லை. எடுக்கத் தெரிந்தவன் எடுப்பான். வெர்லின் எடுத்தான்.

தண்டைச் சுற்றி, உருகி இறுகிய கட்டியாகத் தூண்டில் நரம்பு. சீலுக்குள் வெட்டி இறங்கியிருந்தது.

மஞ்சள் நிறம்.

ஏரியில் எல்லோரும் கண்ணாடி மாதிரி நரம்புதான் போடுவார்கள். ஆர்வலுக்கு மட்டும் கண் மங்கல். பளீர் மஞ்சள்தான் அவருக்குத் தெரியும். மீனுக்கும் தெரியுமே என்று ஊரே கேலி செய்தது. ஆனாலும் எல்லோரையும் விட அதிகம் பிடித்தவர் அவர்தான்.

பலகைக்குக் கீழே கெண்டை மீன்கள் வாயைத் திறந்து மூடும் சத்தம் கேட்டது.

கேலன் அங்கேயே, பலகையில், உட்கார்ந்துவிட்டார்.

"அக்கரையில விடியல் ஜெபம்," என்றார். "நாற்காலி போட நான் முன்னாடியே போகணும். பனியில ஒண்ணும் தெரியலை. ஏறி இறங்கினது தெரிஞ்சுது. எஞ்சினை நிறுத்தினேன். சத்தியமா நிறுத்தினேன். காது கொடுத்துக் கேட்டேன். ஒரு சத்தமும் இல்லை. போயிட்டேன்."

"எவ்வளவு நேரம் கேட்டீங்க?" என்றார் பார்னெட்.

"போதுமான நேரம் இல்லை."

"அப்புறம் நாற்காலி போட்டீங்க," என்றான் ராய்ஸ்.

"போட்டேன். பாடினேன். கையைத் தூக்கிப் பாடினேன்."

சூடான டிரைவ் குளிர்ந்த தண்ணீருக்குள் ஆறும்போது மூச்சை உள்ளே இழுக்கும். கரையில் அவர் பாடிக்கொண்டிருந்த நேரம் முழுக்க, கரையோரம் கட்டியிருந்த படகு நசுங்கிய சீல் வழியாக ஏரியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டிருந்திருக்கிறது.

"விசிறியை நீங்களே மாத்தினீங்க."

"அது ஒரு நட்டுதானே. அப்புறம் குப்பியைப் பார்த்தேன். நிறைஞ்சு இருந்தது. உள்ளே சேதம் இல்லைன்னு நெனச்சேன்."

வெர்லின் மண்டியிட்ட இடத்திலேயே இருந்தான். "நான் ஜெயிலுக்குப் போயிருப்பேன் முதலாளி."

"ரெண்டு வருஷம்தான்னு வக்கீல் சொன்னார்டா. நீ திரும்பி வந்ததும் இந்தத் துறையையே உன் பேர்ல எழுதி வைக்கறதா இருந்தேன். நெசம்." தான் சொன்னது எப்படி ஒலிக்கிறது என்று அவருக்கே உறைத்திருக்க வேண்டும். வாயை மூடிக்கொண்டார்.

"என்னை ஏன் கூப்பிட்டீங்க?" என்று கேட்டான் ராய்ஸ். "வக்கீலோட நிறுத்தியிருக்கலாமே."

கேலன் பலகையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "நீ கண்டுபிடிக்க மாட்டேன்னு நெனச்சேன் தம்பி. பொண்டாட்டி செத்ததுல இருந்து நீ வேலையில கவனமா இல்லைன்னு சொன்னாங்க." பிறகு, "கண்டுபிடிச்சுடணும்னும் நெனச்சேன்," என்றார்.

பார்னெட் அவரைக் கைப்பிடித்து எழுப்பினார். விலங்கு போடவில்லை. வண்டியில் ஏற்றிய பிறகு திரும்பி வந்தார்.

"ராய்ஸ், ஆர்வலோட சாமான் கொஞ்சம் என்கிட்ட இருக்கு. லியோட்டாகிட்ட கொடுத்துடறியா? எனக்கு இப்ப அந்த வீட்டுக்குப் போற தைரியம் இல்லை."

தூண்டில் பெட்டி ஒன்று. ஆரஞ்சு நிற ஐஸ் பெட்டி ஒன்று. ஐஸ் பெட்டியின் மூடி பிளந்திருந்தது. அடியில் காய்ந்த சேறு.

"இது எங்கே கிடைச்சுது?"

"ஏரி வளைவு தாண்டி, கோரைப்புல்லுக்குள்ளே. போன வாரம்தான். மிதந்து போயிருக்கு."

பார்னெட் போனார். ராய்ஸ் ஐஸ் பெட்டியைத் தன் வண்டியின் பின்பலகையில் வைத்துத் திருப்பினான். சேற்றைக் கட்டைவிரலால் தேய்த்தான். சேறு உதிர்ந்த இடத்தில், உடைந்த ஓரத்தில் ஒரு தீற்றல். நீலம்.

கேலனின் படகு வெள்ளை.

கேலன் மோதிவிட்டுப் போகிறார். ஐஸ் பெட்டி மிதக்கிறது. பின்னாலேயே பனியில் நீலப் படகு வருகிறது. தட்டுகிறது. நிற்காமல் போகிறது. கிழவர் கொஞ்ச தூரத்தில், தண்ணீரில், உயிரோடு.

ட்வைலா பக்கத்தில் வந்து நின்றாள். தீற்றலைப் பார்த்தாள். அவளுக்கும் விளங்கிவிட்டது. ஜோக் எதுவும் வரவில்லை.

ராய்ஸ் பெட்ரோலில் நனைத்த துணியை எடுத்தான். ஓரத்தைத் துடைத்தான். நீலம் துணிக்கு வந்தது. மறுபடி துடைத்தான். பெட்டி வெறும் ஆரஞ்சாக ஆகும் வரைக்கும் துடைத்தான்.

"சார்." வெர்லின் கொட்டகைப் பக்கமிருந்து வந்துகொண்டிருந்தான். கையில் இன்னும் அந்த ஸ்க்ரூ டிரைவர். "ஒண்ணே ஒண்ணு கேட்கணும். அப்ப நான் எதுல இடிச்சேன்?"

ராய்ஸ் துணியை உள்ளங்கைக்குள் சுருட்டினான்.

"கட்டை," என்றான்.

"நிச்சயமா தெரியுமா?"

"பார்த்தேன் வெர்லின். ஏரி வளைவுகிட்ட கிடக்கு. பெரிய தேவதாருக் கட்டை. அதுல நீலப் பெயிண்ட் ஒட்டியிருக்கு."

வெர்லின் அவன் கண்ணையே பார்த்தான். ராய்ஸ் கண்ணை எடுக்கவில்லை. பையனின் தோள்கள் மெதுவாக இறங்கின. அப்படியே திரும்பிப் பட்டறைக்கு நடந்தான். பாதி மேட்டில் நின்று முழங்கையால் முகத்தைத் துடைத்தான். மறுபடி நடந்தான்.

வண்டி மில் ரோட்டில் போனது. லியோட்டா வீட்டுக்கு அந்த வழியாகத்தான் போக வேண்டும். ட்வைலா முழங்கால்களை மடக்கி உட்கார்ந்திருந்தாள். வளைவு வந்தது. ராய்ஸ் எப்போதும் போல வேகத்தைக் குறைத்தான். எப்போதும் போல அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"பாஸ்."

"ம்."

"நான் அந்த கேரேஜுக்குப் போயிருந்தேன். உங்ககிட்ட சொல்லலை. கோரா கார் விஷயமா." ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள். "சக்கரத்துல ஒண்ணும் இல்லையாம். அந்தச் சத்தம், அடியில ஒரு தகரம் லூஸா இருந்திருக்கு. அது ஆடின சத்தமாம். கேரேஜ்காரரே சொன்னார். பனிதான் காரணம். நீங்க பார்த்திருந்தாலும் ஒண்ணும் ஆகியிருக்காது தம்பி."

தம்பி என்று அவள் அவனை அழைத்தது அதுதான் முதல் தடவை.

ராய்ஸ் ரோட்டைப் பார்த்து ஓட்டினான். ஆட்கள் எந்தக் குரலில் பொய் சொல்வார்கள் என்று தெரிந்துகொள்வது அவன் தொழில். சற்று முன்னால் வெர்லினிடம் அவனே அந்தக் குரலில் பேசியிருந்தான். நிறுத்தாமல், தடுமாறாமல், ஒரு விவரம் அதிகமாக.

நிச்சயமா தெரியுமா என்று கேட்கலாம். கேரேஜ் அடுத்த திருப்பத்தில்தான் இருந்தது. கதவு திறந்திருந்தது. அதன் முன்னால் ஒரு ஆள் கையைத் துடைத்துக்கொண்டு நின்றான்.

வண்டி அதைத் தாண்டிப் போனது.

"ட்வைலா."

"சொல்லுங்க பாஸ்."

"சீட்டைப் பின்னால தள்ளிக்கோங்க."

அவள் உடனே செய்யவில்லை. அவன் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். பிறகு கையைக் கீழே விட்டு, நெம்புகோலைத் தேடி, தூக்கினாள். ஜனவரியிலிருந்து அசையாத சீட் கிறீச்சிட்டுப் பின்னால் நகர்ந்து, கடைசிப் பல்லில் மாட்டி நின்றது.

ட்வைலா காலை நீட்டிக்கொண்டாள்.